டின்னா, க்யூபா, பையா, மெஷினா? வீட்டில் பீர் போட எதில் இறங்குவது

மெல்பர்னில் பீர் போடும் நம்மவர்கள் நாலு பேர் ஒரு பார்பெக்யூவில் கூடினால், புதிதாக ஆசைப்பட்டு வந்தவர் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, எந்த மெஷின் வாங்கலாம்?" என்பதாகத்தான் இருக்கும். யூடியூபில் பளபளக்கும் ஸ்டீல் உருளை, அதில் டிஜிட்டல் எண்கள், சுழன்று சுழன்று ஊற்றும் பம்ப் எல்லாம் பார்த்துவிட்டு வந்திருப்பார். கராஜில் இடமும் கையில் கார்டும் இருந்தால் ஆர்டர் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதற்குள் இருக்கிற நான்கு வழிகளையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். என் கட்சி எது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான்கில் எதை எடுத்தாலும் சரி, முதல் செலவு ஒரு பழைய ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும் என்பவன் நான்.

சட்டத்தை ஒரு வரியில் முடித்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவில் சொந்தக் குடிக்கு, விற்காமல், வீட்டுச் சாமான்களை வைத்துப் பீர் போட்டால் எக்சைஸ் வரி கிடையாது. ஸ்பிரிட் வடிப்பது வேறு சமாசாரம், அதற்கு லைசென்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் குற்றம். கடையில் வாங்கும் பீருக்கு உள்ள எக்சைஸ், விலைவாசியோடு சேர்த்து வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் திருத்தப்படுகிறது என்பதால், பொழுதுபோக்கு என்று ஆரம்பித்தவர்கள்கூடக் கொஞ்ச நாளில் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் மதுபானம் தயாரிப்பது அங்கே குற்றம். படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி வேலை. பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். அதை உடைத்து, 65 டிகிரி செல்சியஸ் சுமாருக்குச் சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டால், அதில் இருக்கும் என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். அந்த இனிப்புத் தண்ணீர்தான் வோர்ட். அதைக் கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட்டைப் போட்டு மூடினால் மற்றது ஈஸ்ட்டின் பாடு. நான்கு வழிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம், இந்த வோர்ட் செய்யும் வேலையில் எவ்வளவை வேறொருவர் நமக்காகச் செய்து வைத்திருக்கிறார் என்பது மட்டுமே.

டின்னில் எல்லாமே செய்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் டின் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கூப்பர்ஸ். 1862-இல் அடிலெய்டில் தொடங்கிய குடும்ப நிறுவனம் அது. 1.7 கிலோ டின்னில் தண்ணீர் வற்றிய வோர்ட், ஹாப்ஸின் கசப்பும் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். மூடியைக் கழற்றினால் அடியில் ஒரு சின்ன ஈஸ்ட் பாக்கெட். டின்னைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் உட்காரவைத்து இளக்கி, புளிக்கவைக்கும் பாத்திரமான ஃபெர்மென்டரில் கவிழ்த்து, அடியில் ஒட்டியதைச் சுடுதண்ணீர் விட்டு அலசி ஊற்றி, ஒரு கிலோ சர்க்கரையும் போட்டு 23 லிட்டருக்குக் குளிர்ந்த தண்ணீர் நிரப்பினால் வேலை முடிந்தது. சாமான் கழுவும் நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.

குறை எங்கே என்றால் அந்தச் சர்க்கரையில். வெள்ளைச் சர்க்கரையை ஈஸ்ட் துளி மிச்சமில்லாமல் தின்றுவிடும். ஆல்கஹால் 4 சதவீதத்துக்குச் சற்று மேலே வரும், ஆனால் வாயில் பிடிப்பே இருக்காது, தண்ணியாக ஓடும். அந்த ஒரு கிலோவுக்குப் பதிலாக ஒரு கிலோ பொடி மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (வோர்ட்டை வற்றவைத்துப் பொடியாக்கியது) போடுங்கள். செலவு சில டாலர் கூடும், பீர் வேறு பீராகிவிடும். இன்னும் கொஞ்சம் கைவைக்க ஆசை என்றால், உடைத்த கிரிஸ்டல் மால்ட் 250 கிராம் வாங்கி, இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரில் 65-70 டிகிரியில் அரை மணி ஊறவைத்து வடிகட்டி, அந்த நீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்துச் சேர்க்கலாம். நிறமும் கேரமல் வாசமும் வரும். டின் வாங்கும்போது அடியில் உள்ள தேதியைப் பாருங்கள். திரவ எக்ஸ்ட்ராக்ட் பழசாக ஆகக் கறுத்து, ஒரு மாதிரி பழைய மை வாடை கொடுக்கும். 'டின் பீர் என்றாலே இப்படித்தான்' என்று பலர் மூக்கைச் சுளிப்பது பெரும்பாலும் பழைய டின்னின் தப்பு, அல்லது வெயிலில் புளிக்கவிட்டதன் தப்பு.

எங்கள் வட்டத்தில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் பல வருடமாக டின்னை விட்டு நகரவே இல்லை. ஆளாளுக்கு அவரை மேலே இழுத்துப் பார்த்தாச்சு. "எனக்கு இது காணும் மச்சான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படியில நிக்க என்னால ஏலாது" என்பார். அவர் பீரைக் குடித்துவிட்டு யாரும் அவரிடம் வாதாடியதில்லை. ஏன் என்பது பின்னால் வரும்.

க்யூப் என்பது ஆஸ்திரேலியாவுக்கே உரிய வழி என்று சொல்லலாம். வோர்ட்டை ஆறவைக்காமல் கொதிக்கக் கொதிக்கச் சதுரமான கெட்டி பிளாஸ்டிக் கேனில் ஊற்றி மூடி, தானாக ஆறவிடும் பழக்கம் இங்குள்ள வீட்டு பீர்க்காரர்களிடமிருந்து வந்தது. தண்ணீர்ப் பஞ்ச நாட்டில் குழாயைத் திறந்துவிட்டுக் குளிரவைக்க யாருக்கு மனசு வரும்? அந்தச் சூடே கேனைச் சுத்தம் செய்துவிடுவதால் வோர்ட் மாதக்கணக்கில் கெடாது. அதையே கடைகள் 15 லிட்டர் க்யூபாக விற்கின்றன. வீட்டுக்குக் கொண்டுவந்து, 5 லிட்டர் வரை தண்ணீர் சேர்த்து, ஈஸ்ட் போட வேண்டியதுதான். மால்ட்டில் இருந்து முறையாக எடுத்த வோர்ட் என்பதால் டின்னைவிடச் சுவை ஒரு படி மேலே. விலையும் அப்படியே. என்ன பீர் என்பதைக் கடைக்காரர்தான் முடிவு செய்திருப்பார், ஈஸ்ட்டும் கடைசியில் போடும் ஹாப்ஸும் மட்டும் நம் கையில். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் சொல்வது இதைத்தான். கொதிக்கிற அண்டாவும் தவழும் பிள்ளையும் ஒரே வீட்டில் வேண்டாம்.

பை முறைக்கு வருகிறேன். நான் அதிக நேரம் பேசப்போவது இதைப் பற்றித்தான். இதுவும் ஆஸ்திரேலிய வீட்டு பீர்க்காரர்கள் பரப்பியது, இப்போது உலகம் முழுவதும் போய்விட்டது. பழைய முறையில் மால்ட் ஊற ஒரு பாத்திரம், அலசும் சுடுதண்ணீருக்கு ஒரு பாத்திரம், கொதிக்கவைக்க ஒரு பாத்திரம் என்று மூன்று வேண்டும். பை முறையில் ஒரே பாத்திரம். மெல்லிய வாயில் துணியில் தைத்த பெரிய பையைப் பாத்திரத்துக்குள் விரித்து, முழுத் தண்ணீரையும் ஊற்றி, உடைத்த மால்ட்டைக் கொட்டி ஊறவைத்து, கடைசியில் பையைத் தூக்கிவிட்டால் பாத்திரத்தில் மிஞ்சுவது வோர்ட்.

பாத்திரம் நம் வீட்டிலேயே இருக்கும். பொங்கலுக்கோ பிறந்தநாள் பிரியாணிக்கோ வாங்கி, வருடத்தில் பாதி நாள் லாண்டிரியில் கவிழ்ந்து கிடக்கும் 20 லிட்டர் ஸ்டீல் பானை போதும். அதில் 10 லிட்டர் பீர் போடலாம். கணக்கு இப்படிப் போகும். 2.5 கிலோ மால்ட், 16 லிட்டர் தண்ணீர். தண்ணீரை 69 டிகிரிக்குச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு மால்ட்டைக் கொட்டினால் எல்லாம் சேர்ந்து 66-இல் வந்து நிற்கும். கொட்டும்போது ஒருவர் கொட்ட ஒருவர் கிளற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே உலர்ந்த மாவோடு உருண்டை கட்டிக்கொள்ளும். மூடி, பழைய போர்வையைச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். 64 டிகிரி பக்கம் ஊறினால் பீர் வறண்டு, லேசாக இருக்கும். 69 பக்கம் போனால் உடம்பு கூடும், இனிப்பு கொஞ்சம் தங்கும். இந்த ஐந்து டிகிரிக்குள் விளையாடும் சுதந்திரம் டின்னிலும் கிடையாது, க்யூபிலும் கிடையாது.

மால்ட் சுமார் இரண்டு லிட்டர் குடித்துவிடும், ஒரு மணி நேரக் கொதியில் மூன்று லிட்டர் ஆவியாகும், அடியில் மண்டியாக ஒரு லிட்டர். மிச்சம் பத்து லிட்டர் ஃபெர்மென்டருக்கு. அடுப்பைத் திரும்பப் பற்றவைக்க வேண்டி வந்தால், பை பானையின் அடியைத் தொடாமல் ஒரு ஸ்டீல் தட்டைக் கவிழ்த்துப் போடுங்கள். துணி உருகி ஒட்டினால் அந்தப் பேட்ச் அவ்வளவுதான்.

பையைத் தூக்கும் இடம்தான் இந்த முறையின் சூட்சுமம். ஈர மால்ட் உலர்ந்ததைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கனக்கும், 66 டிகிரியில் சொட்டிக்கொண்டிருக்கும். 10 லிட்டர் பேட்சுக்கு ஒரு கையால் தூக்கிப் பிடித்து, பானையின் மேல் ஓவன் கிரில் கம்பியை வைத்து அதில் உட்காரவைத்துவிடலாம். தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு மெல்ல அழுத்தினால் இன்னும் ஒரு லிட்டர் வரை பாகு மாதிரி வோர்ட் இறங்கும். பிழியக் கூடாது, துவர்ப்பு வரும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். துவர்ப்பு வருவது மிகச் சூடான தண்ணீரில் உமியை அதிகமாக அலசும்போது. பை முறையில் அந்த ஆபத்து குறைவு, தாராளமாகப் பிழியலாம்.

இதையே 20 லிட்டருக்கு இரட்டிப்பாக்கினால் கதை மாறும். 5 கிலோ மால்ட், 30 லிட்டர் தண்ணீர், 40 லிட்டர் பானை. சமையலறை அடுப்பு அதைக் கொதிக்கவைக்கத் திணறும், வெளியே கேஸ் ரிங் பர்னர் வேண்டும். மழை என்று அதைக் கராஜுக்குள் கொண்டுவந்து ஷட்டரை இறக்கிவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசம் காட்டாது. ஒன்பது கிலோ சூடான பையைத் தூக்க உத்தரத்தில் கப்பி மாட்டிக் கயிறு கட்ட வேண்டி வரும். அந்த அளவுக்கு வந்துவிட்டவர் மெஷினைப் பற்றி யோசிப்பதில் நியாயம் இருக்கிறது.

யூனிட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ஹாப்ஸ் கொதிக்கும் வாடை வீடு முழுக்க அப்பிக்கொள்ளும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாக்கள் "யாருக்குடா உடம்பு சரியில்லை, கஷாயம் வைக்கிற?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வருவார்கள். ரேஞ்ச்ஹுட்டைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, ஸ்மோக் அலாரம் பக்கமும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷின். கிரெயின்ஃபாதர், ப்ரூசில்லா, குட்டன், ஜெர்மனியின் ப்ராமைஸ்டர் என்று பெயர்கள் பல. கொள்கை ஒன்றுதான். பைக்குப் பதில் ஓட்டைகள் போட்ட ஸ்டீல் கூடை, அடுப்புக்குப் பதில் அடியில் மின்சார எலிமென்ட், கையால் கிளறுவதற்குப் பதில் வோர்ட்டைக் கீழிருந்து எடுத்து மேலே ஊற்றும் பம்ப். 35 லிட்டர் அளவு மெஷின்கள் 2400 வாட். நம் வீட்டுச் சாதாரண 10 ஆம்பியர் பிளக் தாங்கக்கூடிய உச்சம் அதுதான் என்பதால், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வேறு எதையும் சேர்த்து மாட்டக் கூடாது. 65 லிட்டர் பெரியதை எடுத்தால் 15 ஆம்பியர் பிளக் வேண்டும், அதாவது எலக்ட்ரீஷியன் செலவு தனி.

2400 வாட்டில் 30 லிட்டர் குழாய்த் தண்ணீர் ஊறல் சூட்டுக்கு வரவே முக்கால் மணி நேரம் ஆகும். ஊறல் ஒரு மணி, கூடையைத் தூக்கி வடியவிட ஒரு இருபது நிமிடம், அங்கிருந்து கொதிக்கு ஏற அரை மணிக்கு மேல், கொதி ஒரு மணி, குளிரவைப்பது, கழுவுவது எல்லாம் சேர்த்தால் ஐந்து மணி நேரம் சுலபமாகப் போய்விடும். பை முறையைவிட ஒரு மணிகூட மிச்சமாகாது. இது பலருக்கு ஏமாற்றம். மெஷின் மிச்சம் பிடிப்பது நேரத்தை இல்லை, கவனத்தை. 66 என்று அமுக்கினால் 66-இல் நிற்கும். இரவே தண்ணீர் ஊற்றி டைமர் வைத்தால் காலையில் காபி போடும்போது சூடு தயார். 52, 65, 72 என்று படிப்படியாக ஏற்ற வேண்டிய ஊறலும் பட்டனில் முடியும். போன மாதம் போட்ட அதே பீரை இந்த மாதமும் போட முடியும். போட்டிக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் பெரிய விஷயம்.

சுவை கூடுமா என்று கேட்டால், கூடாது. ஒரே மால்ட், ஒரே ஹாப்ஸ், ஒரே ஈஸ்ட், ஒரே சூடு என்றால் பையில் எடுத்த வோர்ட்டையும் மெஷினில் எடுத்த வோர்ட்டையும் நாக்கு பிரித்துச் சொல்லாது. மெஷின் வாங்கியவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், செலவழித்த பணம் விடாது. கழுவும் வேலையும் பையைவிட அதிகம். பையை உதறி, அலசி, கொடியில் போட்டால் முடிந்தது. மெஷினில் பம்ப், குழாய், வலை, எலிமென்ட்டில் பிடித்த கருகல் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தப் பழைய ஃபிரிட்ஜ்.

வோர்ட் வரைக்கும்தான் நம் வேலை. அதைப் பீராக்குவது ஈஸ்ட், ஈஸ்ட்டுக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது. ஏல் என்பது அறைச் சூட்டில் புளிக்கும் பீர் வகை. யூஎஸ்-05 போன்ற சாதாரண ஏல் ஈஸ்ட் 18-20 டிகிரியில் சுத்தமாக வேலை செய்யும். 28-க்கு மேல் போனால் கனமான ஆல்கஹால்களும் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடையும் கிளம்பும். அடுத்த நாள் தலைவலிக்கும் காரணம் என்று அவற்றின் மேல் பழி போடுவார்கள். புளிக்கும்போது ஈஸ்ட்டே சூட்டைக் கிளப்பும், அறை 24 என்றால் ஃபெர்மென்டருக்குள் 27 இருக்கும். ஜனவரியில் மெல்பர்ன் 40-ஐத் தாண்டும் நாளில் தகரக் கூரை கராஜ் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டாயிரம் டாலர் மெஷினில் எடுத்த வோர்ட்டை அங்கே வைத்தால், ஃபிரிட்ஜில் 19 டிகிரியில் வைத்த டின் பீர் அதைத் தோற்கடித்துவிடும். யாழ்ப்பாணத்து நண்பரின் ரகசியம் அதுதான். அவரிடம் மெஷின் இல்லை, பை இல்லை. கராஜ் மூலையில் ஃப்ரீசர் இல்லாத ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்று இருக்கிறது.

அமைப்பு எளிது. இங்க்பேர்ட் மாதிரி ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர், சுவர் பிளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில். அதன் சென்சாரை ஃபெர்மென்டரின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே பபிள் ரேப்பை மடித்து டேப் போட வேண்டும். காற்றில் தொங்கவிட்டால் ஃபிரிட்ஜ் ஓயாமல் ஆன், ஆஃப் ஆகும், உள்ளே பீர் வேறு சூட்டில் இருக்கும். 19-இல் வைத்து, அரை டிகிரி அல்லது ஒரு டிகிரி இடைவெளி கொடுத்து, கம்ப்ரசர் திரும்ப ஓட ஐந்து நிமிடம் தாமதமும் வைத்துவிடுங்கள். குளிர்காலத்துக்கு ஃபெர்மென்டரைச் சுற்றி ஒரு ஹீட் பெல்ட், அதே கன்ட்ரோலரின் இரண்டாவது பிளக்கில். முதல் மூன்று நாள் 19, பிறகு 21-க்கு ஏற்றினால் ஈஸ்ட் தன் குப்பையைத் தானே கூட்டிவிட்டுப் போகும்.

ஃபிரிட்ஜுக்கு இடமில்லை என்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. பெரிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி ஃபெர்மென்டரை நிறுத்தி, பழைய டி-ஷர்ட்டை நனைத்துப் போர்த்தி, காலையும் மாலையும் ஃப்ரீசரில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலை மாற்றிப்போட்டால் சில டிகிரி இறங்கும். பொறுமை வேண்டும். இன்னொன்று, சூட்டை எதிர்த்து நிற்காமல் சூட்டுக்கேற்ற ஈஸ்ட்டைத் தேடுவது. மேற்கு நார்வே பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக மரவளையங்களிலும் துணியிலும் உலர்த்தி வைத்துக் காப்பாற்றிய குவைக் என்ற ஈஸ்ட் வகை இருக்கிறது. அதில் வோஸ் குவைக் 35-40 டிகிரியில் சந்தோஷமாக வேலை செய்து, மூன்று நான்கு நாளில் முடித்து, ஆரஞ்சுத் தோல் வாசத்தை விட்டுவிட்டுப் போகும். உலர்ந்த பாக்கெட்டாகவே இங்கே கடையில் கிடைக்கிறது. கோடையில் ஹாப்ஸ் தூக்கலான பேல் ஏல் போட இதைவிட வசதியானது கிடையாது. ஆஸ்திரேலியாவின் கேலக்ஸி ஹாப்ஸ் பேஷன்ஃப்ரூட் வாசம் கொடுக்கும், அதோடு இது நன்றாகச் சேரும். நேர்மாறாக, ஜூலையில் கராஜ் 12 டிகிரியில் தானாகவே நிற்கும்போது குளிரில் புளிக்கும் லாகர் வகை பீருக்கான ஈஸ்ட் போட்டுப் பாருங்கள். மெல்பர்ன் தண்ணீர் உப்பு குறைந்த மென்மையான தண்ணீர், பில்ஸ்னர் என்ற லாகருக்கு என்றே செய்த மாதிரி. கசப்பு எடுப்பாகத் தெரிய வேண்டிய பேல் ஏலுக்குத்தான் அதில் ஒரு டீஸ்பூன் ஜிப்சம் (கால்சியம் சல்பேட் உப்பு) போட வேண்டி வரும்.

ஆக, யாருக்கு எது? முதல் பேட்ச் போடுகிறவர், அல்லது நேரமே இல்லாதவர், டின்னில் தொடங்கலாம், சர்க்கரைக்குப் பதில் பொடி மால்ட் போட்டு. பணத்தைவிட நேரம் அருமை என்றால் க்யூப். சமைக்கப் பிடிக்கும், என்ன நடக்கிறது என்று பார்த்துச் செய்ய ஆசை, வீட்டில் 20 லிட்டர் பானை இருக்கிறது என்றால் பை முறையில் பாதி பேட்ச். நான் என் நண்பர்களைத் தள்ளுவது இதை நோக்கித்தான். பத்து லிட்டர் என்றால் கைக்கு அடக்கம், சொதப்பினாலும் கொட்டிவிடலாம், நன்றாக வந்தால் தீர்வதற்குள் அடுத்ததைப் போட்டுக் கற்றுக்கொள்ளலாம். ஃபிரிட்ஜும் கன்ட்ரோலரும் ஏற்கெனவே இருக்கிறது, பை தூக்கி முதுகு வலிக்கிறது, மாதம் ஒருமுறையாவது 20 லிட்டர் போடுகிறேன் என்பவருக்கு மெஷின். அந்த வரிசையில் வந்தவர் யாரும் மெஷினை மூன்றாம் மாதம் கம்ட்ரீ என்ற பழைய சாமான் விற்கும் தளத்தில் விற்பதில்லை.

பீரை அடைத்து வைக்கப் பாட்டிலா, கெக் என்கிற ஸ்டீல் பீப்பாயா என்ற அடுத்த சண்டையையும் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 20 லிட்டருக்கு 750 மில்லி பாட்டில் 26, 27 வேண்டும். ஒவ்வொன்றையும் கழுவி, ஸ்டார்சான் என்ற கிருமிநாசினி கலந்த தண்ணீரில் அலச வேண்டும். லிட்டருக்கு 1.5 மில்லி போதும், நுரையைக் கண்டு பயந்து திரும்பக் கழுவாதீர்கள், அது அப்படியே இருக்கலாம். பிறகு கேஸ் ஏறுவதற்காக லிட்டர் பீருக்கு 6 முதல் 8 கிராம் சர்க்கரை போட்டு மூடி, இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். பீரில் சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண்ணைக் காட்டிய பிறகுதான் பாட்டிலில் அடைக்கலாம். அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும், கண்ணாடித் துண்டு யாரையும் பார்த்துப் பாயாது. தொடக்கத்துக்குப் பழுப்பு பிளாஸ்டிக் பாட்டில்களே நல்லது, கையால் அமுக்கிப் பார்த்தாலே கேஸ் ஏறிவிட்டதா என்று தெரியும்.

கெக் என்றால் குளிர்பான சிரப்புக்காகச் செய்த 19 லிட்டர் ஸ்டீல் கார்னி கெக், ஒரு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், ரெகுலேட்டர், அதைக் குளிராக வைக்க இன்னொரு ஃபிரிட்ஜ். எங்கள் வட்டத்தின் மூத்த அண்ணன் ஒருவர் இதில் தீவிரவாதி. "பாட்டில் கழுவுற நேரத்துல இன்னொரு பேட்ச் போட்டுடலாம்டா தம்பி" என்பார். அது உண்மை. ஆனால் பாட்டிலை நண்பர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம், கெக் இருந்தால் நண்பர்கள் நம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். எது உங்களுக்கு வசதி என்பதை வீட்டில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய சாமான் வாங்குவதானால் சில விஷயம். ஃபிரிட்ஜ் பார்க்கப் போகும் நாளில், "காலையிலேயே பிளக்கில் போட்டு வையுங்கள்" என்று முன்னமே மெசேஜ் அனுப்பிவிடுங்கள். போகும்போது ஒரு தெர்மாமீட்டரும் அளவு டேப்பும் எடுத்துப்போங்கள். ஃபெர்மென்டரின் உயரத்தோடு, கேஸ் வெளியேற அதன் மூடிமேல் செருகும் ஏர்லாக்கையும் சேர்த்து அளந்திருக்க வேண்டும், அடியில் கம்ப்ரசர் மேடு எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்றும் பார்க்க வேண்டும். கதவு ரப்பரைச் சோதிக்க ஐந்து டாலர் நோட்டை இடுக்கிக் கதவைச் சாத்தி இழுங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. பழைய கெக்கின் ரப்பர் வளையங்களில் கோலா வாடை ஊறியிருக்கும், எத்தனை முறை கழுவினாலும் போகாது, செட்டாக வாங்கி மாற்றிவிடுங்கள். மெஷின் என்றால் உள்ளே கைவிட்டு அடியைத் தடவிப் பாருங்கள், எலிமென்ட்டுக்கு மேலே கருகல் பொருக்கு இருக்கிறதா என்று. தண்ணீர் ஊற்றிப் பம்பை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு" என்கிறவரிடம் வாங்க வேண்டாம்.